எல்லாரும் நல்லா இருக்கோம், சார்

அன்புள்ள மகனுக்கு,

இங்கு யாவரும் நலம் என்று எழுதித்தான் கடுதாசியை ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் சாவு விழுந்திருந்தாலும் முதல் வரி அதுதான். இந்த முறை அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. வாசற்படியில் நின்றபடியே படித்தேன். பிறகு உள்ளே வந்து அடுப்பைத் தணித்துவிட்டு இன்னொரு தரம் படித்தேன். திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கத்து முன்னாள் பட்டாளத்துக்காரர்களின் உடல்நிலையைப் பற்றி நீ வந்து எடுத்துப்போன கணக்கை உங்கள் ஆபீஸில் பெரியவர்கள் மெச்சினார்கள் என்று எழுதியிருந்தாய். மற்ற ஜில்லாக்காரர்களைவிட நம் பக்கத்து ஆட்கள் திடமாக இருப்பதாகக் கணக்கு சொல்கிறதாம். அதனால் மாதம் ஒருமுறை டாக்டரையும் மருந்தையும் ஏற்றிக்கொண்டு இங்கே வருவதாக இருந்த வண்டியை வேறு ஜில்லாவுக்கு மாற்றப்போகிறார்களாம். கடைசியில், "அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்" என்று ஒரு வரி. வாஸ்தவம்தான் கண்ணு, ரொம்பவே சந்தோஷப்பட்டிருப்பார். என் துக்கம் அதுதான்.

இந்தக் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படிக்காதே. அறைக்குப் போய், கை கால் கழுவி, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படி. உன் கணக்கு தப்பு. நீ கூட்டியதில் தப்பு இருக்காது, சின்ன வயதிலிருந்தே உனக்குக் கூட்டலில் பிழை வந்ததில்லை. உன்னிடம் சொல்லப்பட்டது தப்பு. சொன்னவர்களில் முதல் ஆள் உன் அப்பா. மற்றவர்களையும் அப்படிச் சொல்ல வைத்தவரும் அவர்தான். இது எனக்கே நீ காரியம் முடிந்து மெட்ராஸ் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. வண்டி இன்னும் வேறு ஊருக்குக் கிளம்பவில்லை என்பதால்தான் இப்போதே எழுதுகிறேன். கிளம்பியிருந்தால் எழுதியிருப்பேனோ என்னவோ, உன் மனசைப் புண்ணாக்குவானேன் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

உன் அப்பாவை நீ எப்படி அறிவாய் என்று யோசித்துப்பார்க்கிறேன். நீ தவழ்கிற பிராயத்தில் அவர் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போனார். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது நீ சிலேட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவன் ஆகிவிட்டாய். வாசலில் பெட்டியோடு வந்து நின்ற ஆளைப் பார்த்து என் புடவைக்குள் புகுந்துகொண்டு, "யாரும்மா இவரு, எப்போ போவாரு?" என்று கேட்டாய். அவர் சிரித்தார் பார், தெருவே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. போகும்போது தூணாட்டம் போன மனுஷன் கழுத்தெலும்பு தெரிய வந்திருந்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் எங்கள் எல்லோரையும் அத்தனை வருஷம் ஏமாற்றினார்.

ஐப்பசி, கார்த்திகையில் அவருக்குக் காய்ச்சல் வரும். பர்மாக் காட்டில் பிடித்த காய்ச்சல், வருஷம் தவறாமல் வந்துவிடும். "விருந்தாளி வந்துட்டான், கம்பளிய எடு" என்பார். இருக்கிற போர்வை, ஜமுக்காளம் எல்லாவற்றையும் போட்டு மூடினாலும் பல் கிட்டிக்கொண்டு நடுங்குவார். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நேரத்துக்கு எழுந்து முகம் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நீ கேட்டால், அப்பாவுக்கு அசதி என்று நான் சொல்ல வேண்டும். அதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. சாய்வு நாற்காலியில் பேப்பர் படிக்கிற அப்பாவைத்தான் நீ பார்த்தாய். அந்தப் பேப்பர் முதல் நாள் பேப்பராகக்கூட இருக்கும், நீ கவனித்திருக்க மாட்டாய்.

பிறகு காந்தி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் தானியக் கிடங்கில் காவல் வேலை கிடைத்து, ஸ்ரீரங்கத்திலிருந்து தினம் சைக்கிளில் போய்வந்தார். காவிரிப் பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் இறங்கிவிடுவார். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். பார்க்கிறவர்கள் எல்லாம், பட்டாளத்துக்காரருக்குக் காவிரி என்றால் உயிர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், தண்ணீரே இல்லாத சித்திரை மாதத்திலும் நிற்கிறார் என்று தெரியும்வரை. மணலை வெறித்துப் பார்க்க என்ன இருக்கிறது? மூச்சு வாங்கி நிற்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "டாக்டர்கிட்ட காட்டலாமே" என்றேன். "காட்டினா, இவன் காவலுக்கு லாயக்கில்லைன்னு எழுதிக் கொடுப்பான். பையன் படிப்பு முடியட்டும்" என்றார். உன் படிப்பு முடிந்தது. அப்புறம் உனக்கு வேலை ஆகட்டும் என்றார். அதுவும் ஆயிற்று.

அந்த வேலையோடு நீ இங்கே வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பட்டாளத்திலிருந்து வந்தவர்களின் ஆரோக்கியம் எப்படி இருக்கிறது என்று அரசாங்கம் தெரிந்துகொள்ள விரும்புகிறது, எல்லோரையும் கேட்க முடியாது, அதனால் ஊருக்குக் கொஞ்சம் பேரைச் சீட்டுப் போட்டு எடுத்திருக்கிறோம், அவர்கள் சொல்வதை வைத்து மற்றவர்கள் நிலைமையைக் கணக்குப் போட்டுவிடலாம் என்று சாப்பிட்டுக்கொண்டே விளக்கினாய். அந்தச் சீட்டில் உன் அப்பா பெயரும் வந்திருந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. உன் கையில் இருந்த விலாசங்கள் எல்லாம் சண்டைக்காலத்து விலாசங்கள், பாதிப்பேர் இடம் மாறியிருந்தார்கள். அவர்களை உறையூரிலும் பாலக்கரையிலும் தென்னூரிலும் தேடிக் கண்டுபிடிக்க அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நீ வீடு வீடாகப் போய்த்தான் கேட்க வேண்டும் என்றாய். "எதுக்குடா நீ வெயில்ல அலையற? நான் ஒரே இடத்துல கொண்டாந்து நிறுத்தறேன், வரிசையா கேட்டுட்டுப் போயிடு" என்றார். நீயும் தயங்கித் தயங்கி, சரி என்றாய். அப்பா ஆசையாகச் சொல்லும்போது எந்தப் பிள்ளைதான் மறுப்பான்? உன்னைக் குறை சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் அவர்கள் வந்து நின்ற கோலத்தை நானும் பார்த்தேன். காப்பித் தூக்கையும் சுண்டலையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். ஒருத்தர் விடாமல் மழமழவென்று சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கஞ்சிபோட்ட சட்டையில் மெடலைக் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். கல்யாண வீட்டில்கூட இவ்வளவு ஒழுங்காக நின்று நான் பார்த்ததில்லை. நீ ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கேட்டாய். மூச்சு வாங்குமா, தூக்கம் வருமா, காய்ச்சலில் படுத்ததுண்டா, உட்கார்ந்து எழுந்தால் வலிக்குமா. பெரிய கடை வீதியில் தையல் கடை வைத்திருக்கிற காதர் பாய், அப்பாவோடு பர்மாவில் இருந்தவர், நீ கேட்டு முடிப்பதற்குள் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து விறுட்டென்று எழுந்து காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நீயும் சிரித்துக்கொண்டே எழுதினாய்.

கடைசியில் உன் அப்பா முறை வந்தது. "நீங்க உட்காருங்கப்பா" என்றாய். அவர் உட்காரவில்லை. விறைப்பாக நின்று, உன்னைப் பார்த்து, "கேளுங்க சார்" என்றார். உன் முகம் சிவந்துபோனது. மூச்சு வாங்குமா என்று நீ கேட்டபோது தூக்கோடு நான் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். "இல்லைங்க சார்" என்றார். வருஷா வருஷம் காய்ச்சல் வருமா? "இல்லைங்க சார்." கடைசியில் நீ கேட்காமலே, வரிசை பூராவுக்கும் சேர்த்துச் சொல்கிற மாதிரி, "எல்லாரும் நல்லா இருக்கோம், சார்" என்றார். நான் வாயைத் திறக்கப்போனேன். தலையைத் திருப்பாமலே அவருக்கு அது எப்படித் தெரிந்ததோ, "காப்பி ஆறுது பார், ஊத்து" என்றார். அத்தனை பேருக்கு முன்னால், மகனுக்கு முன்னால், அந்த மனுஷனைப் பொய்யர் ஆக்க எனக்கு மனசு வரவில்லை. ஊற்றினேன். இவர் ஒருத்தர்தான் மழுப்புகிறார், இதனால் என்ன வந்துவிடப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், ஒன்றைத் தவிர. காலையில் வேலைக்குப் போனவரைப் பாலத்திலிருந்து ஜட்கா வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஆற்றைப் பார்த்து நின்றவர் அப்படியே சரிந்துவிட்டாராம். வந்து பார்த்த டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. "இது ரொம்ப நாளாவே இருந்திருக்கணுமேம்மா, யாருமே பாக்கலையா?" என்று கேட்டார். நீ ரயிலில் இருந்து இறங்கி ஓடிவந்தபோது உன்னிடம் நான், திடீரென்று போய்விட்டார் என்று சொன்னேன். திடீரென்று இல்லை கண்ணு. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனார். மாதம் ஒருமுறை ஒரு டாக்டர் வந்து அவர் மாரில் குழாயை வைத்துப் பார்த்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ என்று நான் நினைக்காத பொழுதில்லை. அவர் மேல் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வருகிறது. செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அப்படியானால் நான் யார் மேல் கோபப்படுவதாம்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ மெட்ராஸ் போன பிறகு ஒருநாள் காதர் பாய் வந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். நாற்காலியைப் போட்டேன், உட்கார மாட்டேன் என்றார். உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டுமாம்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா தொழுகையிலகூட மனசு நிக்க மாட்டேங்குது" என்றார்.

"சொல்லுங்க பாய்."

"தம்பி கணக்கெடுக்க வந்துச்சே, அதுக்கு மொத நாளு அண்ணன் எங்க எல்லாரையும் மெயின்கார்டு கேட் கோட்டை வாசல் டீக்கடைக்கு வரச் சொல்லியிருந்தாரு. 'நாளைக்கு என் பையன் மொதல் தடவையா ஆபீசரா வந்து நிக்கப்போறான். ஒருத்தன் இருமக் கூடாது. அங்க வலிக்குது இங்க குடையுதுன்னு ஒப்பாரி வெக்கக் கூடாது. நாம நல்லா இருந்தாத்தான் அவன் கணக்கு நல்லா வரும், கணக்கு நல்லா வந்தாத்தான் அவனுக்கு நல்ல பேரு'ன்னாரு. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு வாத்தியார் பசங்களத் தயார் பண்ணி வெப்பாரில்ல, அந்த மாதிரின்னுதான் அண்ணி நாங்களும் நினைச்சோம். எல்லாரும் பாஸ் பண்ணினா தம்பி பாஸ். தம்பி எங்க புள்ளையும்தானே?"

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, நிஜமாகச் சொல்கிறேன். கிழட்டுப் பசங்கள் எல்லாம் பரீட்சைக்குப் போகிற மாதிரி எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து நின்றது கண் முன்னால் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பாவம், பாய் பயந்துபோய்விட்டார். அன்றைக்கு அவர் உட்கார்ந்து எழுந்து காட்டினாரே, அதற்கப்புறம் பல நாள் படுக்கையோடு கிடந்தாராம். அவர் மனைவிதான் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுத் தூக்கிவிடுவாராம். பாலக்கரை சூசை, லாரி ஓட்டுகிறவர், படுத்தால் தூங்கிவிடுவேன் என்று உன்னிடம் சொன்னாரே, அவர் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் கண்ணை மூடுவார் என்று துக்கத்துக்கு வந்திருந்த அவர் மனைவி என்னிடம் சொல்லி அழுதாள். யாராவது கதவைத் தொட்டால் கத்திக்கொண்டு எழுந்துவிடுவாராம். இவர்கள்தான் உன் கணக்கில் மற்ற ஜில்லாக்காரர்களைவிடத் திடமான ஆட்கள்.

நீ படித்தவன், உனக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. ஆனால் அத்தனை வருஷம் ஒரு பட்டாளத்துக்காரரோடு குடித்தனம் பண்ணியவள் என்ற முறையில் சொல்கிறேன், கேட்டுக்கொள். பட்டாளத்தில் உடம்பு சரியில்லை என்று சொல்கிறவனை, வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறான் என்பார்களாம். அந்தப் பயம் இவர்களை விட்டுப் போகவே இல்லை. கூட நின்று சண்டை போட்டவன் பக்கத்தில் நிற்கும்போது ஒருத்தனிடம் போய், உனக்கு மூச்சு வாங்குமா என்று கேட்டால் உயிரே போனாலும் இல்லை என்றுதான் சொல்வான். அவனைத் தனியாகக் கேள். அவன் வீட்டில் வைத்துக் கேள். அவன் பெண்டாட்டி பக்கத்தில் இருக்கட்டும், அவளையும் ஒரு வார்த்தை கேள். ராத்திரி கம்பளி போர்த்திவிடுகிறவள் அவள்தான். அவள் வாயை மூடச்சொல்லி அவன் பார்வையால் மிரட்டினால், அதையும் பார்த்து வைத்துக்கொள். நாளைக்கு உனக்கும் கல்யாணம் ஆகும். உனக்கு ஒன்று என்றால் அவளிடம் மறைக்காதே. மறைத்தால் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதே. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று எனக்குத்தான் தெரியும்.

நான் உன்னை என்ன செய்யச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மெச்சிய பெரியவர்களிடமே திரும்பிப் போய், நான் கொண்டுவந்தது பொய்க் கணக்கு, வண்டியை மாற்றாதீர்கள், திரும்ப எடுத்து வருகிறேன் என்று நீ சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால் உன் அப்பா பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்று நீ சொல்லியிருந்தாய். கோபப்பட்டு வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். இந்த வேலையில் உன்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் அந்த மனுஷன் பாலத்தில் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போனார். அவர் இத்தனை பாடுபட்டுக் கட்டியதை நானே இடிக்கச் சொல்கிறேனோ என்று நேற்றிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. இன்று காலையில் கொள்ளிடக் கரைவரை நடந்து போய் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். உன் அப்பாவுக்கு இனி ஒரு டாக்டரும் வேண்டாம். காதர் பாய்க்கு வேண்டும். சூசைக்கு வேண்டும். சீட்டில் பெயர் வராமல் உறையூரிலும் துறையூரிலும் மறைவாக இருமிக்கொண்டிருக்கிறவர்களுக்கு வேண்டும். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தானே இந்தக் கொஞ்சம் பேர் பதில் சொன்னார்கள்?

வீட்டுக்கு வரும் வழியிலேயே பஸ் ஏறிப் பெரிய கடை வீதிக்குப் போய்விட்டேன். காதர் பாய், எழுப்பிவிட ஒரு பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகன் திரும்பவும் வருவான், எல்லோரையும் நம் வீட்டுக்கு ஒவ்வொருத்தராக வரச் சொல்லுங்கள், வீட்டுப் பெண்களையும் அழைத்து வரச் சொல்லுங்கள், இந்தத் தடவை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும் என்றேன். வண்டி வராமல் போகப்போகிறது என்பதையும் சொன்னேன். அவர் அப்படியே மிஷினை நிறுத்திவிட்டார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நெசத்தைச் சொல்லிட்டா, தம்பி வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே அண்ணி?" என்றார்.

"போனா போகட்டும் பாய்" என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். உன் அப்பாவும் உன்னைக் கேட்காமல்தான் சொன்னார். கோபம் இருந்தால் வந்து என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சனிக்கிழமை ரயில் ஏறிவிடு. நீ வராவிட்டாலும் அவர்கள் வருவார்கள், நானே உட்கார்ந்து கேட்டு எழுதி உனக்கு அனுப்பிவிடுவேன். அது நன்றாக இருக்காது கண்ணு. அவர்கள் உனக்காகப் பொய் சொன்னவர்கள், உண்மையையும் உன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உன் அம்மா